நான் எழுதிய ‘லேட்’

“எந்தக் கரையில ஒதுங்குச்சு சார்?”

மேடை ஓரத்தில் வந்து நின்று அந்த அம்மா கேட்டது இதுதான். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டார்.

அவர் கேட்டது சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரை. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் படிப்புக்கு வருஷா வருஷம் பணம் கொடுக்கிறவர். கையில் ஓர் உறையை நீட்டியபடி நின்றிருந்தார். உறையை வாங்க வேண்டிய மாணவி முனீஸ்வரி, மேடைப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். கேள்வி கேட்டவர் அவளைப் பெற்ற அம்மா, ராக்கம்மா.

“முழுசா இருந்தாகளா சார்? அடையாளம் தெரிஞ்சுச்சா?”

பெரியவர் என்னைப் பார்த்தார். பிரின்சிபால் என்னைப் பார்த்தார். மைக் பிடித்திருந்த தமிழாசிரியரும் என்னைத்தான் பார்த்தார். எனக்கு ஒரு விநாடி எதுவும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது.

அந்த அம்மா கேட்டது தன் கணவரின் உடலைப் பற்றி. அப்படி ஓர் உடல் எங்கேயும் ஒதுங்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று போலீஸ் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்லவில்லை, கூடக் கடலுக்குப் போனவர்கள் சொல்லவில்லை. சொன்னது நான் ஒருத்திதான்.

பாரம் மேடம்

போன வாரம் எழுதிய பஸ் பாஸ் கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் போனில் சொன்னார்கள். இந்த வாரமும் அதே எண்ணத்தில் பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று எனக்குள் ரொம்ப நாள் இழுபறி. விட்டுவிட்டால் என்னைப் பற்றி நல்லதை மட்டும் எழுதிக்கொண்டவள் ஆகிவிடுவேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்புல்லாணி தாண்டிப் போகும் சாலையில், சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவே மூன்று கட்டடமும் ஒரு தகரக் கொட்டகையுமாக ஒரு கல்லூரி. அதில்தான் ஓய்வு பெறும்வரை வணிகவியல் சொல்லிக்கொடுத்தேன். தனியார் கல்லூரி என்றதும் கண்ணாடிக் கட்டடமும் ஏசி பஸ்ஸும் கண்முன் வந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எங்கள் ஸ்டாஃப் ரூம் மின்விசிறிக்கு மூன்று இறக்கை, அதில் ஒன்று வேறு நிறம்.

வகுப்பில் பாதிப் பேர் கட்டணத்தைச் சொன்ன தேதியில் கட்ட முடியாதவர்கள். அரசு உதவித்தொகை வரும். வரும்போதுதான் வரும். அதுவரைக்கும் பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பது யாரோ ஒருவரின் நன்கொடைதான்.

நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கத்துக் குடும்பத்தார் சிலர், ஜகாத் பணத்தில் பிள்ளைகளின் கட்டணத்தை ஏற்றுக்கொள்வார்கள். மிளகாய் வற்றலுக்கு நல்ல விலை போன வருஷம் கமிஷன் கடைக்காரர் ஒருவர் பரீட்சைக் கட்டணம் கட்டுவார். விலை விழுந்த வருஷம் என்னைத் தூரத்தில் பார்த்தாலே சந்துக்குள் திரும்பிவிடுவார். வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்கு என்று மட்டும் அனுப்புவாள். “ஃபீஸுக்கு எடுத்துறாதீக மேடம், பசியோட உங்க கிளாஸ்ல உக்காந்தவ நானு” என்பாள்.

கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருக்குத் தன் சொந்த ஊர்ப் பிள்ளையாக இருக்க வேண்டும். இன்னொருவருக்கு மார்க் வேண்டும். ஒரு புண்ணியவான், செல்போன் வைத்திருக்காத மாணவிக்குத்தான் தருவேன் என்றார். அப்படி ஒருத்தியைத் தேடிக் கல்லூரியையே சலித்தேன். ஒருத்தி கிடைத்தாள். பிறகு விசாரித்தால், அவள் போனை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாளாம்.

எந்தப் பிள்ளையை எந்த நிபந்தனைக்குள் கொண்டுபோய் நுழைக்கலாம் என்பதில் நான் கில்லாடி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் என் மேஜையில்தான் நிரம்பும், என் கையெழுத்தில்தான் நிரம்பும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘ஃபாரம் மேடம்’. எங்கள் பக்கத்து வாயில் அது ‘பாரம் மேடம்’ ஆகிவிட்டது. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பேருந்துப் பயணம்

இந்த வேலையை நான் இழுத்துப்போட்டுச் செய்ததற்குக் காரணம் உண்டு. நானும் உதவி வாங்கிப் படித்தவள்தான்.

முதுகுளத்தூருக்குத் தள்ளி எங்கள் ஊர். மானம் பார்த்த பூமி. ஒரு வருஷம் மழை பொய்த்து மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே கருகியது. எங்கள் அய்யாவால் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை. யாரோ ஒரு தனவந்தர் கொடுத்த நிதியில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. விழா வைத்தார்கள். பெற்றோரும் வர வேண்டும் என்றார்கள். அய்யா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

“மிகவும் வறிய குடும்பத்தைச் சேர்ந்த மாணவி” என்று சொல்லிவிட்டுத்தான் என் பெயரை வாசித்தார்கள். நான் போய் வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அய்யா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா, நம்ம வறியவுகளா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்கு நிலம் இருந்தது, மழைதான் இல்லை. கிடையில் ஆடு இருந்தது. பொங்கலுக்கு நாலு பேருக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர் எங்கள் அய்யா. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. அன்றைக்கு நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நாளைக்கு நான் ஓர் இடத்துக்கு வந்தால், மேடையில் பிள்ளையின் பெயரைத் தவிர ஒரு சொல் கூடுதலாக வாசிக்க விடமாட்டேன் என்று அப்போதே சபதம் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் காப்பாற்றவும் செய்தேன். ஆனால் கொடுப்பவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று சபைக்குத் தெரிய வேண்டாமா என்றார்கள். சரி, ஊர்ப் பெயரைச் சேர்ப்போம் என்று சேர்த்தேன். பிறகு தகப்பனார் தொழில் சேர்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் சபதம் எந்த வருஷம் செத்தது என்று எனக்கே தெரியாது.

“இல்ல மேடம்”

சென்னைப் பெரியவரின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது தகப்பனார் போய்விட்டார். யார் யாரோ கைகொடுத்துப் படித்து, பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தன் சேமிப்பில் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார். விண்ணப்பத்தோடு தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ் நகல் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அவரிடமிருந்து பணம் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

முனீஸ்வரி இரண்டாம் ஆண்டு பி.காம். மாரியூர்ப் பக்கத்துப் பிள்ளை. வகுப்பில் கடைசி வரிசை, ஆனால் கணக்கில் கை ஓடும். அவள் முதலாண்டு சேர்வதற்குச் சில மாதம் முன்பு அவளுடைய அய்யா நம்புராஜன் இரண்டு பேரோடு வள்ளத்தில் கடலுக்குப் போனார். திடீரென்று காற்று திரும்பி வள்ளம் கவிழ்ந்தது. அந்த இரண்டு பேரையும் வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். இவரைக் காணவில்லை. பல நாள் தேடினார்கள். பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அதோடு சரி.

அம்மா ராக்கம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். ஆழம் குறைந்த இடத்தில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்துக் கரையில் காயப் போட்டு விற்கும் வேலை. அந்த வருமானத்தில்தான் வீடு நடந்தது, கல்லூரியும் நடந்தது. முனீஸ்வரிக்கு ஒரு வருஷக் கட்டணம் பாக்கி விழுந்துவிட்டது. இனியும் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை எழுதாத பிள்ளை திரும்ப வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் போனவர்களின் பெயர் கொஞ்ச நாள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பிறகு அதன்மேல் சிவப்புக் கோடு விழும். எத்தனையோ கோடு நானே போட்டிருக்கிறேன். இவளுக்குப் போட எனக்கு மனசில்லை.

மேஜைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

“அய்யா பேரு?”

“நம்புராஜன் மேடம்.”

“தொழில்?”

“கடத்தொழில்.”

“தவறிட்டாகதானே?”

“இல்ல மேடம்.”

இந்த இடத்தில் தமிழ் நம்மை எப்படிக் கவிழ்த்துவிடுகிறது பாருங்கள். இறந்துவிட்டார் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ‘எனக்கு அய்யா இல்ல’ என்போம். என் அய்யாவைப் பற்றி யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் சொல்கிறேன். அதனால் முனீஸ்வரி ‘இல்ல’ என்றதும், ஆமாம், அய்யா இல்லை என்று என் காது எடுத்துக்கொண்டது. பேனா அதற்கு முன்னாலேயே ‘லேட்’ என்று எழுதிவிட்டது. அவள் சொன்னது வேறு ‘இல்ல’. ‘நீங்கள் சொல்வது சரியில்லை’ என்கிற ‘இல்ல’.

அவள் தலை குனிந்துகொண்டிருந்தாள். பாவம், நினைத்து வருந்துகிறாள் என்று நினைத்து அடுத்த கட்டத்துக்குப் போனேன். கடைசியில் நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பாரம் மேடம் எழுதியதை யார் படித்துப் பார்ப்பார்கள்?

இறப்புச் சான்றிதழ் இருக்காது என்பது எனக்குத் தெரியும். உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று கடலோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை. பேப்பர் செய்தியை நகல் எடுத்து வைத்தேன். கல்லூரித் தாளில் ஒரு கடிதம் எழுதினேன். பெரியவர் போனில் “நீங்க சொன்னாப் போதும் மேடம்” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும். சான்றிதழே இல்லாமல் என் வார்த்தைக்குப் பணம் வருகிறது என்று ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் காதுபடச் சொன்னேன்.

மைக்கில் வந்த சேதி

விழா நாள். தகரக் கொட்டகையில் சாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பின்னால் போண்டாவுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. காலையிலேயே வெக்கை. பெரியவர் வெள்ளைச் சட்டையில், காரில் வந்து இறங்கினார்.

ராக்கம்மா மூன்று பெண்களோடு வந்தார். ஒருவர் அவருடைய நாத்தனார், நம்புராஜனின் கூடப்பிறந்த தங்கை. மற்ற இருவர் பக்கத்து வீட்டுக்காரர்கள். முனீஸ்வரிக்குப் படிப்புக்காகப் பரிசு தருகிறார்கள் என்று நினைத்து ஆசையாக வந்திருந்தார்கள். ராக்கம்மா தலையில் கனகாம்பரம், நெற்றியில் அகலமாகக் குங்குமம், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. நான்தான் எதிர்கொண்டு கூட்டிப்போய் உட்கார வைத்தேன். குங்குமத்தையும் பார்த்தேன், கயிற்றையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் என்னால் நம்ப முடியாதது அதுதான். கண் இரண்டும் திறந்திருந்தது, மூளை போண்டா வெந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டியலை வாசித்தவர் எங்கள் தமிழாசிரியர். கணீரென்ற குரல். மேடையில் ஆங்கிலச் சொல் கலக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நான் ‘லேட்’ என்று எழுதியிருந்ததை எல்லாம் அவர் நல்ல தமிழாக்கினார்.

“அடுத்து, காலஞ்சென்ற மீனவர் திரு. நம்புராஜன் அவர்களின் அன்பு மகள், செல்வி முனீஸ்வரி!”

கைதட்டினார்கள். முனீஸ்வரி எழுந்து நடந்தாள். படியில் கால் வைத்தபோதுதான் காதில் விழுந்த சொல் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்படியே நின்றாள்.

“ஆத்தாடி! சேதி வந்துருச்சே!”

நாத்தனாரின் குரல். “ஏ அண்ணே! எங்கண்ணே!” என்று நெஞ்சில் அறைந்துகொண்டு எழுந்தார். கூட வந்த இரண்டு பேரும் சேர்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். கொட்டகையின் அந்தப் பக்கத்தில் கைதட்டல் இன்னும் நிற்கவில்லை. ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் ஒப்பாரி. இரண்டும் ஒன்றாகக் கேட்ட அந்தச் சில விநாடிகள் இன்றைக்கும் என்னை உலுக்குகின்றன.

அவர்கள் ஏன் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. கடலோர ஊர்களில் மைக் என்றால் அரசாங்கம். புயல் வருகிறது, கடலுக்குப் போகாதே என்று மைக்கில் வரும். படகைக் காணோம் என்று மைக்கில் வரும். ஒதுங்கிய உடலை அடையாளம் காட்ட வாருங்கள் என்பதும் மைக்கில்தான் வரும். இத்தனை நாளாக அந்த ஒரு மைக்குக்காகத்தான் அந்த வீடு காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. மேடையில் வெள்ளைச் சட்டை போட்டுக் காரில் வந்த ஒருவர் கையில் உறையோடு நிற்கிறார். அதிகாரி வந்துவிட்டார், சேதியோடும் நிவாரணத்தோடும் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தார்கள்.

நாத்தனார் கை ராக்கம்மாவின் தலைக்குப் போனது. பூவை இழுத்துப் பிய்த்தார். கனகாம்பரம் நாற்காலிக்கடியில் உதிர்ந்தது. ராக்கம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். எழுந்தார், நேராக மேடைக்கு நடந்து வந்தார். எந்தக் கரையில ஒதுங்குச்சு சார் என்று கேட்டார்.

யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன்.

“இல்லம்மா! சாகலைம்மா! அவர் சாகலை!”

இதைவிட ஒரு முட்டாள்தனத்தை என் ஆயுசில் நான் செய்ததில்லை. அதுவும் மைக்கில்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. ராக்கம்மா என் பக்கம் திரும்பினார். அந்த முகம் மலர்ந்தது. அதுவரை அழாதவர் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

“உசுரோட இருக்காகளா? எங்கன இருக்காக டீச்சர்? சிலோன் ஜெயில்லயா? யாரு பாத்தது?”

நீரோட்டத்தில் அந்தக் கரைக்குப் போய் ஒதுங்கி, அங்கே பிடித்து வைத்திருப்பார்கள் என்பது அவர்கள் ஊர்ப் பேச்சு. அப்படி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் ராக்கம்மா வருஷத்துக்கு நாலு முறை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுத்துவந்திருக்கிறார். அவருக்கு உண்மையைச் சொன்னது முனீஸ்வரிதான்.

“அம்மா, யாரும் பாக்கலம்மா. எந்தச் சேதியும் வரல. மேடம் ஃபாரத்துல தப்பா எழுதிட்டாக, அம்புட்டுத்தான்.”

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அந்த அம்மாவின் கணவரை நான் சாகடித்து, பிழைக்க வைத்து, மறுபடியும் காணாமல் போக்கிவிட்டேன்.

ராக்கம்மா படியில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டருகே முனீஸ்வரி மட்டும் நின்றாள்.

“தவறிட்டாகளான்னு கேட்டீக. நான் இல்லன்னுதானே மேடம் சொன்னேன்?”

உறை மேடையிலேயே கிடந்தது.

பெரியவர் சொன்னது

பிரின்சிபால் அறையில் பெரியவர் டீயைத் தொடவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“தப்பு உங்க மேல மட்டும் இல்ல மேடம். ஃபாரத்துல அந்தக் கட்டத்தைப் போட்டது நான்” என்றார். “எங்க அம்மாவையும் இப்படித்தான் மேடையில நிக்க வைச்சாங்க. எனக்கு மறந்துபோச்சு பாருங்க.”

நாலைந்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் செய்தார். ஆடிட்டர் ஒப்புக்கொள்ளவில்லையாம். தகப்பன் இறந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் வேறு ஏதாவது எழுத்து வேண்டும் என்கிறாராம். “அந்த அம்மா என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதி வாங்குங்க. அதையே நான் சான்றா எடுத்துக்கிறேன். உறை உங்ககிட்டயே இருக்கட்டும், ஆடிட்டரை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

முனீஸ்வரி விழா நாளிலிருந்து கல்லூரிக்கு வரவில்லை. பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் சாயல்குடி பஸ் ஏறினேன்.

வெள்ளைத்தாள்

மாரியூரில் இறங்கி விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது ராக்கம்மா கடலிலிருந்து வந்திருந்தார். மணலில் பாசி காய்ந்தது. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அதே குங்குமம். என்னைப் பார்த்ததும் “வாங்க டீச்சர்” என்றார். முனீஸ்வரி உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் மணலிலேயே உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர்தான் பேசினார்.

“முந்தாநாளு அந்தத் தெருவுல ஒரு வளைகாப்பு. என்னையக் கூப்பிடல. ஏன்னு கேட்டேன். மறந்துட்டோம் மதினின்னாக. மறக்கல டீச்சர். மைக்குல சொல்லிட்டாகல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். விண்ணப்பத்தின் ஒரு கட்டத்துக்குள் நான் எழுதிய இரண்டெழுத்து, இத்தனை கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து, ஒரு தெருவுக்குள் நுழைந்து, ஒரு பெண்ணை நல்ல காரியத்துக்குக் கூப்பிடாமல் செய்துவிட்டது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

“அழுகாதீக. நல்லதுக்குத்தான் எழுதுனீக” என்றார். “ஆனா நல்லதுக்குன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

பெரியவர் சொன்னதைச் சொன்னேன். வெறும் வெள்ளைத்தாள்தான், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் எழுத்து என்றேன். நாளைக்குள் கட்டாவிட்டால் முனீஸ்வரிக்கு இந்த வருஷம் போய்விடும் என்பதையும் சொன்னேன். முனீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மணலில் கிடந்த பாசியைப் பார்த்தாள்.

ராக்கம்மா சுருட்டிய துணியைக் கீழே வைத்தார்.

“அவுக வந்துட்டா, இந்தக் காசைத் திருப்பிக் கேப்பாகளா?”

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எங்கிருந்து கட்டுவது என்று பயப்படுகிறார் போலும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

“கேக்க மாட்டாங்கம்மா. சத்தியமா கேக்க மாட்டாங்க. வேணும்னா எழுதியே வாங்கித் தாரேன்.”

தலையை ஆட்டினார். நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

“கேக்கணும் டீச்சர். சும்மா குடுத்தா அது செத்தவுக வீட்டுக்குக் குடுக்குற காசு. எனக்கு வேணாம், எம்பிள்ளைக்கும் வேணாம். திருப்பிக் கேக்குற காசுன்னாச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன். அவுக வந்து கட்டிருவாக. அப்படி எழுதுங்க.”

நான் மறுபடியும் முந்திரிக்கொட்டையாகத்தான் இருந்திருக்கிறேன். தாளை மடியில் வைத்து எழுதினேன். எழுதியதை இந்த முறை சத்தமாக வாசித்தேன்.

“என் கணவர் நம்புராஜன் திரும்பி வந்தால், இந்தத் தொகை முழுவதையும் திருப்பித் தருகிறோம்.”

ராக்கம்மா காய்ந்த கையால் தாளை மறித்தார்.

“‘வந்தால்’ இல்ல டீச்சர். ‘வந்ததும்’னு போடுங்க.”

‘வந்தால்’ என்பதை அடித்தேன். பக்கத்தில் ‘வந்ததும்’ என்று எழுதி, மறுபடியும் வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். திங்கட்கிழமை காலை, மேடையில் கிடந்த அந்த உறையைப் பிரித்துக் கட்டணம் கட்டினோம்.